திரும்பி வந்த மெயிலா, ஆள் போட்ட பதிலா: அறிகுறி பார்த்துப் பிரிக்கும் வழி

மன்னார்குடிப் பக்கத்து விவசாயிகளுக்கான ஒரு மெயிலிங் லிஸ்ட்டை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். அறுநூற்றுச் சொச்சம் முகவரிகள். பாதிப் பேர் ஊரிலேயே பயிர் வைக்கிறவர்கள், மீதிப் பேர் சிங்கப்பூர், துபாய், சென்னை என்று வெளியே இருந்துகொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள். மேட்டூர் திறப்பு, முறைப்பாசனம் எந்த ஆற்றில் எத்தனை நாள், விதைநெல் எங்கே இருக்கிறது, கொள்முதல் நிலையம் எந்த ஊரில் திறந்திருக்கிறது, இதுதான் சங்கதி. பத்து நாளைக்கு ஒரு மடல் போகும். போன பத்தாவது நிமிடம் இன்பாக்ஸ் நிரம்பும். அதில் ஆள் எழுதியது எது, மெஷின் எழுதியது எது என்று பிரிப்பதுதான் பெரிய பாடு. நான் சந்தித்த கோளாறுகளை, வெளியே தெரியும் அறிகுறியை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எல்லாருக்கும் எல்லாமும் வராது, உங்களுக்கு வந்திருப்பதை மட்டும் படித்தாலும் போதும்.

அதற்கு முன்னால் எங்கே பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜிமெயிலில் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்து மூன்று புள்ளியை அழுத்தினால் ‘ஷோ ஒரிஜினல்’ வரும், தண்டர்பேர்டில் கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தினால் போதும். மெயிலின் உள்கட்டு முழுக்கத் தெரியும். அதில் மூன்று வரிகள்தான் நமக்கு வேலை. ஒன்று, ரிட்டர்ன்-பாத். தபால் உறையின் பின்பக்கம் எழுதும் அனுப்புநர் முகவரி மாதிரி இது. உள்ளே கடிதத்தில் யார் கையெழுத்துப் போட்டிருந்தாலும், போய்ச்சேராத உறை திரும்ப வேண்டிய இடம் இதுதான். பவுன்ஸ் மெயிலில், அதாவது ‘மெயில் போய்ச்சேரவில்லை’ என்று சர்வர் நமக்குத் திருப்பி அனுப்பும் அறிவிப்பில், இந்த இடம் காலியாக, வெறும் <> என்று இருக்கும். பவுன்ஸுக்குப் பவுன்ஸ், அதற்கு ஒரு பவுன்ஸ் என்று இரண்டு சர்வர்களும் விடிய விடிய ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இரண்டு, கன்டென்ட்-டைப். ஒழுங்காக எழுதப்பட்ட பவுன்ஸில் ‘மல்டிபார்ட்/ரிப்போர்ட்’ என்றும், பக்கத்திலேயே ‘டெலிவரி-ஸ்டேட்டஸ்’ என்றும் இருக்கும். 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3464 என்ற இணைய விதிக்குறிப்பு வகுத்த முறை இது. மூன்று, ஆட்டோ-சப்மிட்டட். மெஷின் தானாக எழுதிய பதில் என்றால் இந்த வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த மூன்றையும் கண்ணால் பார்த்துப் பழகிவிட்டால் மீதி எல்லாம் சுலபம். சப்ஜெக்ட் வரியை நம்பாதீர்கள். ஏன் என்று முதல் அறிகுறியிலேயே தெரிந்துவிடும்.

“நான் பதில் போட்டேனே, உங்களுக்கு வரவில்லையா?”

யாராவது ஒருவர் இப்படிக் கேட்டால் மற்ற வேலையை எல்லாம் வைத்துவிட்டு இதைப் பாருங்கள். லிஸ்ட் நடத்துகிறவருக்கு இதைவிடப் பெரிய கோளாறு கிடையாது.

2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழை டெல்டாக்காரர்கள் யாருக்கும் மறக்காது. அறுப்புக்குத் தயாராக நின்ற சம்பா அப்படியே சாய்ந்து தண்ணீரில் கிடந்து முளைத்துப் போனது. பாதிக்கப்பட்டவர்களின் பெயர், சர்வே எண், பரப்பு எல்லாவற்றையும் தொகுத்து மனுவோடு கொடுக்கலாம் என்று மடல் அனுப்பினோம். நிறையப் பதில்கள் வந்தன, தொகுத்தோம், கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கல்யாண வீட்டில் பார்த்தேன். “தம்பி, நான் எழுதினதுக்கு ஒரு வார்த்தை பதில் இல்லையே. தபால் அட்டையில் எழுதிப் போட்டிருந்தாலும் இந்நேரம் வந்திருக்குமே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்தியது.

வீட்டுக்கு வந்து தேடினேன். சேமித்து வைத்திருந்த மெயில் கோப்புகளில் ‘சர்வே’ என்ற தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை, ஏனென்றால் தமிழ் எழுத்து மெயிலுக்குள் பெரும்பாலும் பேஸ்64 என்ற குறியீட்டில் மாறித்தான் உட்கார்ந்திருக்கும், மூலக்கோப்பில் தமிழாகத் தேடினால் கிடைக்காது. அவருடைய முகவரியைப் போட்டுத் தேடியபோதுதான் பவுன்ஸ் ஃபோல்டரில் கிடைத்தது. உள்ளே அருமையான தமிழில், மூன்று சர்வே எண்களோடு, நான்கு பக்க வாய்க்கால் எல்லையும் குறித்து எழுதியிருந்தார். சப்ஜெக்ட் மட்டும் ஆங்கிலத்தில்: ‘கிராப் ஃபெய்லியர்’. நான் வைத்திருந்த ஃபில்டரோ ‘ஃபெய்லியர்’ என்ற சொல் சப்ஜெக்ட்டில் இருந்தால் பவுன்ஸ் ஃபோல்டருக்குத் தள்ளு என்று இருந்தது.

அந்தச் சொல்லை ஏன் வைத்தேன் என்றால், 1990களில் டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய க்யூமெயில் என்ற சர்வர் அனுப்பும் பவுன்ஸ் ‘ஃபெய்லியர் நோட்டீஸ்’ என்ற சப்ஜெக்ட்டோடுதான் வரும், அது மேலே சொன்ன மல்டிபார்ட்/ரிப்போர்ட் வடிவத்திலும் இருக்காது. அதைப் பிடிப்பதற்காக வைத்த வலையில் வாத்தியார் மாட்டிக்கொண்டார். பிறகு தேடிப் பார்த்தால் ‘மோட்டார் ஃபெய்லியர்’, ‘பேமென்ட் ரிட்டர்ன்ட்’ என்று இன்னும் ஐந்தாறு பேர் அதே ஃபோல்டரில் இருந்தார்கள்.

என்ன செய்ய வேண்டும்: சொல்லை வைத்துப் பிடிக்கும் ஃபில்டர்களை எல்லாம் இன்றே எடுங்கள். அதற்குப் பதில் கன்டென்ட்-டைப்பில் ‘டெலிவரி-ஸ்டேட்டஸ்’ இருக்கிறதா என்று கேளுங்கள். தண்டர்பேர்டு ஃபில்டரில் ‘கஸ்டமைஸ்’ போய் நமக்கு வேண்டிய ஹெட்டர் (உள்கட்டில் இருக்கும் இந்த மாதிரி வரி) பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், சர்வரில் சீவ் வசதி (சர்வரிலேயே மெயிலைப் பிரிக்க விதி எழுதும் முறை) இருந்தால் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஜிமெயில் ஃபில்டருக்கு இந்த மாதிரி ஹெட்டரைப் பார்க்கத் தெரியாது, அங்கே அனுப்புநர் ‘மெயிலர்-டீமன்’ அல்லது ‘போஸ்ட்மாஸ்டர்’ என்று இருந்தால் ஒரு லேபிள் போடச் சொல்லுங்கள். லேபிள் மட்டும்தான். டெலீட் என்ற கட்டத்தில் டிக் போடவே வேண்டாம். சில ஆபீஸ் சர்வர்களின் பவுன்ஸ் ‘மைக்ரோசாஃப்ட்எக்ஸ்சேஞ்ச்’ என்று தொடங்கி எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான முகவரியிலிருந்து வரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். க்யூமெயில் மாதிரிப் பழைய ரகங்கள் இதில் தப்பி இன்பாக்ஸுக்கு வரும். வரட்டும். நூறு பவுன்ஸ் இன்பாக்ஸில் கிடந்தால் எனக்குக் கொஞ்சம் நேரம்தான் போகும், ஒரு ஆளின் கடிதம் பவுன்ஸ் ஃபோல்டரில் கிடந்தால் அவருக்கு ஒரு போகமே போய்விடும்.

பவுன்ஸும் பதிலும் ஒரே பெட்டியில் வந்து குவிகின்றன

இது கோளாறு என்பதைவிட ஆரம்பத்திலேயே விட்ட குறை. கடைமடைப் பக்கம் ஒரே ஆறு பாசனத்துக்கும் வடிகாலுக்கும் ஓடுவதை எல்லாரும் பார்த்திருப்போம். மழைக்காலத்தில் வயலில் நிற்கும் தண்ணீரை வடிக்கலாம் என்றால் ஆறே நிரம்பி நிற்கும், தண்ணீர் எங்கே போகும்? மெயிலிலும் பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வேறு என்று ஆக்கிவிட வேண்டும். ஆட்கள் பதில் போடுவது ரிப்ளை-டூ முகவரிக்கு. பவுன்ஸ் போவது ரிட்டர்ன்-பாத் முகவரிக்கு. இரண்டையும் வெவ்வேறாக வைக்க முடியும், மெயில்மேன் மாதிரி லிஸ்ட் மென்பொருள்கள் இதைத் தானாகவே செய்துவிடும். ஜிமெயில் கணக்கில் பிசிசி போட்டு அனுப்புகிறவர்களுக்கு இது முடியாது. ஐம்பது பேர் வரை அப்படி ஓட்டலாம், அதற்கு மேல் போனால் மென்பொருளுக்கு மாறிவிடுங்கள் என்பது என் கருத்து.

வடிகால் தனியாக இருக்கிறது என்பதற்காக அந்தப் பெட்டியைப் பார்க்காமலே காலி செய்யவும் கூடாது. எப்போதாவது ஒரு ஆள் அந்த முகவரிக்கே எழுதிவிடுவார். வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்து, மெஷின் அடையாளம் எதுவும் இல்லாத மெயில் ஏதாவது அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். பத்து நிமிட வேலை.

பவுன்ஸ் வருகிறது, ஆனால் அதில் இருக்கும் முகவரி நம் லிஸ்ட்டிலேயே இல்லை

ஃபார்வர்டு. பழைய ஆபீஸ் முகவரியைக் கொடுத்துச் சேர்ந்திருப்பார், அதிலிருந்து வேறு ஒரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வைத்திருப்பார், அந்தக் கடைசிக் கணக்கு செத்துப்போயிருக்கும். பவுன்ஸின் நடுப்பகுதியில் ‘ஃபைனல்-ரெசிபியன்ட்’ என்ற வரியில் இருப்பது கடைசியாகப் போய் முட்டிய முகவரி. ‘ஒரிஜினல்-ரெசிபியன்ட்’ என்று இன்னொரு வரி இருந்தால் அதிர்ஷ்டம், அதில் நமக்குத் தெரிந்த முகவரி இருக்கலாம். பல நேரம் இருக்காது.

இதற்கு உறுதியான வைத்தியம் வெர்ப் என்ற முறை. இதையும் அந்தப் பெர்ன்ஸ்டைன்தான் க்யூமெயிலோடு கொண்டுவந்தார். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி ரிட்டர்ன்-பாத்: ‘வயல்-பவுன்ஸ்+செல்வி=உதாரணம்.காம்’ என்று, அவருடைய முகவரியில் உள்ள @ குறிக்குப் பதில் = போட்டு, நம் லிஸ்ட் முகவரிக்குள்ளேயே ஒட்டிவிடுவது. பவுன்ஸ் எந்த மொழியில் வந்தாலும், எந்தக் கோணல் வடிவத்தில் வந்தாலும், எங்கே போய்ச் சுற்றிவிட்டு வந்தாலும், எந்த முகவரிக்கு வந்து சேர்ந்தது என்று பார்த்தாலே யாருக்கு அனுப்பியது என்று தெரிந்துவிடும். உள்ளே ஒரு வரி படிக்க வேண்டியதில்லை. மென்பொருளில் இந்த வசதி இருந்தால் உடனே போட்டுவிடுங்கள்.

நன்றாக இருக்கும் ஆட்கள் லிஸ்ட்டிலிருந்து தானாக விலகுகிறார்கள்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அடுத்த வாரம் இதைப் பார்ப்பீர்கள். சிங்கப்பூர்க்காரர் ஊருக்கு வரும்போது ஆபீஸ் மெயிலில் ‘விடுமுறையில் இருக்கிறேன், 20-ஆம் தேதி திரும்புவேன்’ என்று தானியங்கிப் பதில் வைத்துவிட்டு வருவார். அந்தப் பதில் எங்கே வரும் தெரியுமா? தானியங்கிப் பதிலை ரிட்டர்ன்-பாத் முகவரிக்கே அனுப்ப வேண்டும் என்பதுதான் 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3834 சொல்லும் முறை. அதாவது நேரே நம் வடிகாலுக்கு. போதாக்குறைக்கு அந்தப் பதிலின் ரிட்டர்ன்-பாத்தும் பல நேரம் <> என்று காலியாகவே இருக்கும். வடிகாலுக்கு வந்தாலே பவுன்ஸ், காலியாக இருந்தாலே பவுன்ஸ் என்று கணக்குப் போடும் ஸ்கிரிப்ட் இருந்தால் ஊருக்கு வந்த மனிதரை ‘முகவரி செத்துவிட்டது’ என்று எழுதிவிடும்.

பிரிப்பது எப்படி: ஆட்டோ-சப்மிட்டட் வரியில் ‘ஆட்டோ-ரிப்ளைட்’ என்று இருந்தால் அது விடுமுறைப் பதில். பவுன்ஸில் பெரும்பாலும் அதே வரியில் ‘ஆட்டோ-ரிப்ளைட்’ என்றே இருக்கலாம், அதனால் இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டெலிவரி-ஸ்டேட்டஸ் பகுதி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இருந்தால் பவுன்ஸ், இல்லாவிட்டால் விடுமுறைப் பதில். விடுமுறைப் பதில் வருகிறது என்றால் முகவரி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், விலக்காதீர்கள்.

ரசீதுகளும் இதே கூட்டத்தில் வரும். மெயிலைத் திறந்து படித்தவர் அனுப்பும் வாசிப்பு ரசீது கூட ‘மல்டிபார்ட்/ரிப்போர்ட்’ வடிவத்தில்தான் இருக்கும், பக்கத்தில் மட்டும் ‘டிஸ்போசிஷன்-நோட்டிஃபிகேஷன்’ என்று இருக்கும். ‘ஃபீட்பேக்-ரிப்போர்ட்’ என்று இருந்தால் அவர் நம் மடலை ஸ்பாம் என்று அழுத்தியிருக்கிறார், அவரை மட்டும் மரியாதையாக உடனே விலக்கிவிடுங்கள். ஆக ‘ரிப்போர்ட்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்து ஓடாமல் அடுத்த சொல்லையும் படிக்க வேண்டும்.

“டெலிவரி தாமதம்” என்று வருகிறது

இது பவுன்ஸே இல்லை. நடுப்பகுதியில் ‘ஆக்‌ஷன்’ என்ற வரியைப் பாருங்கள். ‘ஃபெய்ல்ட்’ என்றால் போகவில்லை, ‘டிலேய்ட்’ என்றால் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது. அதன் கீழே ஸ்டேட்டஸ் எண் 4-இல் தொடங்கினால் தற்காலிகம், 5-இல் தொடங்கினால் முடிந்தது. செண்ட்மெயில் சர்வர் நான்கு மணி நேரம் முயன்றும் முடியாவிட்டால் ஒரு எச்சரிக்கை அனுப்பும், ஐந்து நாள் வரை விடாமல் முயன்றுவிட்டு அதன் பிறகுதான் கைவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இன்னொரு மெயில் சர்வரும் அதே ஐந்து நாள்தான்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை கடந்ததே, அப்போது எங்கள் லிஸ்ட்டில் ஒரு கல்லூரி ஆட்கள் பதினான்கு பேர் இருந்தார்கள், அந்தக் கல்லூரி மெயில் சர்வரைத் தன் கட்டடத்திலேயே வைத்திருந்தது. கரண்ட் கம்பங்கள் எல்லாம் படுத்துவிட்டன. முதல் நாள் பதினான்கு பேருக்கும் ‘தாமதம்’. ஐந்தாம் நாள் பதினான்கு பேருக்கும் 4.4.7, நேரம் கடந்துவிட்டது என்று பவுன்ஸ். அந்தப் பதினான்கு பேரையும் நான் நீக்கவில்லை, கரண்ட் வந்த பிறகு அடுத்த மடல் ஒழுங்காகப் போனது. 4-இல் தொடங்கும் எண்ணோடு ‘ஃபெய்ல்ட்’ வந்தாலும் அது முகவரியின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

எண் 5-இல் தான் தொடங்குகிறது. நீக்கிவிடலாமா?

எண்ணை முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். 5.1.1 என்றால் அந்தப் பெயரில் பெட்டியே இல்லை. 5.1.2 என்றால் @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரே தவறு, பெரும்பாலும் தட்டச்சில் ஜிமெயிலை ஜிமயில் ஆக்கியிருப்பார்கள், படிவத்தில் கையால் எழுதியதைப் பார்த்துத் திருத்திவிடலாம். இரண்டு வருடம் யாரும் உள்ளே போகாத கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியது, அதனால் வயதானவர்கள் பலருக்கு, பேரன் ஒரு முறை திறந்து கொடுத்துவிட்டுப் போன கணக்குகள் இப்படிச் செத்துவிட்டன. இவர்களை நீக்குவதற்கு முன் ஒரு போன்.

5.2.2 அல்லது 4.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. ஜிமெயிலின் இலவச இடம் 15 ஜிபி, அதில் போட்டோவும் சேர்த்தி. கல்யாண வீடியோவால் நிரம்பியிருக்கும். ஆள் இருக்கிறார், மடல் வேண்டும் என்றுதான் இருக்கிறார், அவருக்கே தெரியாது. இங்கேயும் ஒரு போன்தான் மருந்து.

5.7-இல் தொடங்கினால் பெரும்பாலும் தவறு நம்முடையது. இதை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அவர் முகவரி நன்றாகத்தான் இருக்கிறது, அவருடைய சர்வர் நம்மை நம்பவில்லை. ஒரே நாளில் ஜிமெயில்காரர்கள் அத்தனை பேருக்கும் 5.7.26 என்று வந்தால் நம் டொமைனுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) எஸ்பிஎஃப்போ டிகேஐஎம்மோ, அதாவது மெயில் உண்மையிலேயே நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் ஏற்பாடுகள், சரியாக இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. அந்த நேரத்தில் ‘பவுன்ஸ் ஆனவர்களை நீக்கு’ என்ற பட்டனை அழுத்தினால் லிஸ்ட்டில் பாதி போய்விடும். தானாக நீக்கும் வசதி இருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டு, அப்புறம் டொமைன் வேலையைப் பாருங்கள்.

செத்த முகவரிகள் வருடக்கணக்கில் நீங்காமலே இருக்கின்றன

மேலே சொன்னதற்கு நேர் எதிர். மெயில்மேனில் தானாக நீக்கும் வசதி போட்டிருக்கிறேன், ஆனாலும் நீக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். அது பவுன்ஸுக்குப் புள்ளி போடும், ஒரு நாளைக்கு ஒரு பவுன்ஸ்தான் கணக்கு, மொத்தம் 5 புள்ளி சேர்ந்தால் நிறுத்தும். ஆனால் பழைய மெயில்மேன் 2.1-இல் ஏழு நாளுக்குப் புது பவுன்ஸ் வரவில்லை என்றால் பழைய புள்ளியை அழித்துவிட்டு முதலிலிருந்து எண்ணும். நாங்கள் பத்து நாளைக்கு ஒரு மடல் அனுப்புகிறோம், அப்புறம் எப்படி 5 சேரும்? எந்த நாளும் 1-ஐத் தாண்டாது. அந்த ஏழு நாளை நாற்பது நாளாக மாற்றி, வரம்பை மூன்றாகக் குறைத்தேன், சரியாகிவிட்டது. மடல் எத்தனை நாளைக்கு ஒன்று என்பதைப் பார்த்து நீங்களும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாம் அனுப்பாத மெயிலுக்குப் பவுன்ஸ் வருகிறது

யாரோ நம் முகவரியைப் போட்டு ஸ்பாம் அனுப்புகிறார்கள். பவுன்ஸின் கடைசிப் பகுதியில் மூல மெயிலின் ஹெட்டர் ஒட்டியிருக்கும், அதிலுள்ள மெசேஜ்-ஐடி (ஒவ்வொரு மெயிலுக்கும் தனியாக இருக்கும் அடையாளம்) நாம் அனுப்பிய மடல்களில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் தள்ளிவிடலாம், யாருக்கும் புள்ளி போட வேண்டாம்.

பவுன்ஸ் மாதிரி இருக்கிறது, ஆனால் மேலே இரண்டு வரி தமிழ் இருக்கிறது

இதை மெஷினிடம் விடவே விடாதீர்கள். கூத்தாநல்லூரிலிருந்து ஒரு அம்மா, தன் மகனுக்கு எங்கள் மடலை அனுப்பி, அது திரும்பி வந்து, அந்தப் பவுன்ஸை அப்படியே எங்களுக்கு ஃபார்வர்டு செய்து “தம்பி, இது ஏன் இப்படி வருது, என் பையனுக்கு என்ன ஆச்சு” என்று மேலே எழுதியிருந்தார். சப்ஜெக்ட் பவுன்ஸுடையது, உள்ளே இருப்பதும் பவுன்ஸுடையது, சொல்லை வைத்துப் பிடிக்கும் எந்த ஃபில்டரும் அதைத் தள்ளிவிட்டிருக்கும். ஆனால் ரிட்டர்ன்-பாத்தில் அவருடைய முகவரி தெளிவாக இருந்தது. மகனுடைய பழைய கம்பெனி முகவரி மூடிவிட்டது, 5.1.1. “பையன் நல்லாத்தான் இருப்பார்மா, முகவரிதான் மாறியிருக்கு, போன் போட்டுப் புது முகவரி வாங்கிக் குடுங்க, நான் சேர்த்துடறேன்” என்று அன்றைக்கே பதில் எழுதினேன். மறுநாள் புது முகவரி வந்தது.